குல்சும் சொன்ன ‘யெஸ்’

நான் இளைப்பாறிய பிறகு என் வகுப்பைப் பொறுப்பெடுத்த தர்ஷிகா, போன மாதம் போனில் ஒரு சந்தேகம் கேட்டாள். வகுப்பில் உரையாடல் நிரப்பும் பயிற்சி கொடுத்திருக்கிறாள். இரண்டு பேர் கதைக்கிறார்கள், நடுவில் ஒருவர் சொன்ன வரி மட்டும் இல்லை, கீழே இருக்கிற ஐந்து விடைகளில் எது அந்த இடத்துக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாணவர் கைத்தொலைபேசியிடம் கேட்டிருக்கிறார். அது ஒரு விடை சொன்னதாம். பக்கத்தில் இருந்தவரின் தொலைபேசி வேறொன்று சொன்னதாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்ததாம்.

“அன்ரி, எது சரி?” என்றாள்.

வாசிக்கச் சொன்னேன். இரண்டு தரம் வாசித்தாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, இந்தப் பயிற்சியையே வகுப்பிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம், அதற்கு முன் உங்கள் அனுபவத்தைப் புதிய ஆசிரியர்களுக்காக எழுதித் தாங்கோ என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டேன். அனுபவம் என்றால் தெளிவு என்று இளம் ஆட்கள் நினைக்கிறார்கள். என் வேலைக்காலத்தில் எனக்கு இன்றுவரை தெளியாத ஒரு விஷயம் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

மன்னாரில் ஒரு கன்னியாஸ்திரிகள் பாடசாலையில் கொஞ்சக் காலம் ஆங்கிலம் படிப்பித்தேன். லண்டனுக்கு வந்த புதிதில் அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் பாண் ரொட்டி அடுக்கினேன், பிள்ளைகளை வளர்த்தேன், பின்னேர வகுப்புகளுக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்கிற சான்றிதழ் எடுத்தேன். அதற்குப் பிறகு வூட் கிறீனில் ஒரு சிறிய நிலையத்தில் வேலை கிடைத்தது. வீடு தோர்ண்டன் ஹீத்தில். ஆகவே தினமும் லண்டனைத் தெற்கிலிருந்து வடக்குக்கு ஊடறுத்துப் போய்வர வேண்டும். அந்த நிலையத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் துருக்கிக்காரர். பல் வைத்தியர், பொறியியலாளர், பல்கலைக்கழகத்தில் மேலே போக விரும்பியவர்கள். அவர்களுடைய நாட்டின் ஆங்கிலச் சோதனையில் உரையாடல் நிரப்புவதும், ஒரு வாக்கியத்தைப் பொருள் மாறாமல் வேறு விதமாகச் சொல்வதும் கட்டாயம் வரும். அந்த இரண்டையும்தான் நான் இளைப்பாறும்வரை படிப்பித்தேன்.

நிலையத்தை நடத்தியவர் நெவின் ஹனிம். ஹனிம் என்பது மரியாதைக்குப் பெண்களின் பெயரோடு சேர்க்கும் சொல். சைப்பிரஸில் பிறந்த துருக்கிப் பெண், என்னிலும் பத்து வயது மூப்பு. சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வகுப்பு நடக்கும்போது பின்கதவால் வந்து, கோட்டைக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து நிற்பார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். நான் பிழை விட்டால் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டுவார். அது பிழைக்கான அடையாளமா அல்லது அவருக்குக் குளிர்ந்ததா என்று எனக்குப் பல வருடங்களாகத் தெரியாது. ஒருநாள் கேட்டேன். “எனக்கும் தெரியாது,” என்றார்.

எனக்குத் துருக்கி மொழி தெரியாதது அவருக்கு நல்ல சந்தோஷம். தெரிந்திருந்தால் மாணவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்வார்களாம்.

உரையாடல் நிரப்ப அவர் காட்டித் தந்த முறை இதுதான். விடைகளை ஒரு தபாலட்டையால் மூடிவிட வேண்டும். வெற்றிடத்துக்கு முந்திய வரியை வாசிக்கக்கூடாது. பிந்திய வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ஏனென்றால் ஒருவர் என்ன சொன்னார் என்பதை, அதற்கு மற்றவர் சொன்ன பதில் காட்டிக் கொடுத்துவிடும். ‘பரவாயில்லை, நாளைக்குத் தாங்கோ’ என்று ஒருவர் சொன்னால், மற்றவர் கொண்டுவர மறந்துவிட்டார் என்று விளங்கும். அதற்குப் பிறகு முந்திய வரி. பிறகு, இல்லாத அந்த வரியைச் சொந்த வாயால், உடைந்த ஆங்கிலமென்றாலும் பரவாயில்லை, சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில்தான் அட்டையை எடுக்கலாம். முதலே விடைகளைப் பார்த்தவனுக்கு ஐந்தும் சரியாகத் தெரியும் என்பார்.

வாக்கியத்தை மாற்றிச் சொல்வது இன்னும் கடினம். யார் செய்தார், செய்து முடிந்ததா இல்லையா, சொல்பவருக்கு அது எவ்வளவு நிச்சயம், அதில் அவருக்குச் சந்தோஷமா கவலையா, இவற்றை உரித்து எடுத்து வைத்துவிட்டு, புதிய வாக்கியத்திலும் அதே அளவுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடச் சொன்னாலும் பிழை, குறையச் சொன்னாலும் பிழை. ‘நீங்கள் பூக் கொண்டு வந்திருக்கத் தேவையில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். பூ வந்ததா வரவில்லையா? வந்தது. கையில் பூவோடு நிற்கிறவருக்குச் சொல்கிற உபசாரம் அது. இந்த ஒரு வாக்கியத்தை ஒரு முழுப் பின்னேரம் படிப்பித்திருக்கிறேன். முடிவில் பல் வைத்தியர் எழும்பி, அப்படியென்றால் பூவைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டார்.

இவர்களுக்கு நடுவில்தான் குல்சும் வந்து இருந்தார். சோதனை எழுதுகிற எண்ணம் அவருக்கு இல்லை. ஐம்பதை நெருங்கிய பெண், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கன்ரீனில் சலாட் வெட்டுகிற வேலை. அவருக்கு ஓய்வான பின்னேரத்தில் எங்கள் வகுப்பு மட்டும்தான் இருந்தது, அதனால் வந்தேன் என்றார். ஆனால் பயிற்சிகளை மற்றவர்களைவிடக் கவனமாகச் செய்வார். முக்கியமாக, வாக்கியத்தின் வாலில் சின்னக் கேள்வி ஒட்டிக்கொண்டு வருகிற வகை அவருக்குப் பிடித்தது. ‘நீங்கள் கோப்பி குடிக்கமாட்டீர்கள், அப்படித்தானே?’ என்ற மாதிரி. நானும் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பித்திருந்தேன். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் கவலையில்லை, குடிப்பீர்கள் என்றால் யெஸ், குடிக்கமாட்டீர்கள் என்றால் நோ.

ஒரு வசந்த காலத்தில் அவருடைய கன்ரீனை மூடி, ஆட்களை ஆற்றுக்குத் தெற்கே வேறொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள். போக விரும்பியவர்கள் போகலாம். சமையலறைப் பொறுப்பாளர் கெவின் என்றொருவர். அவர் ஒவ்வொருவராகக் கேட்டு வந்து குல்சுமிடமும் கேட்டிருக்கிறார்.

“யூ டோன்ட் வான்ட் டு கோ, டூ யூ?”

உமக்குப் போக விருப்பமில்லை, அப்படித்தானே என்று அர்த்தம். குல்சும் “யெஸ்” என்றிருக்கிறார். அந்த ஒரு சொல் மட்டும். அதற்குக் கெவின், “ஐ ஷுடன்ட் வொறி அபவுட் மண்டே, தென்,” என்றாராம். அப்படியென்றால் திங்கட்கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டாம். குல்சும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை சீருடையைப் போட்டுக்கொண்டு புதிய கட்டடத்துக்குப் போனால், வாசலில் அவருடைய பெயர் இல்லை. நீங்கள்தானே வரவில்லை என்று சொன்னீர்கள் என்றார்களாம். கொம்பனி அலுவலகத்துக்கு எடுத்துக் கேட்டபோது, உங்களுக்கு ஆங்கிலம் விளங்காததால் வந்த பிரச்சினை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வேலை போனதைச் சொன்னபோது அவருடைய குரல் மாறவில்லை. ஆங்கிலம் விளங்கவில்லை என்று அவர்கள் சொன்னதைச் சொன்னபோதுதான் மாறியது. “ஹோஜம், நான் நீங்கள் படிப்பிச்ச மாதிரித்தானே சொன்னன்,” என்றார். ஹோஜம் என்பது ஆசிரியரைக் கூப்பிடுகிற சொல்.

நான் தபாலட்டை முறையை எடுத்தேன். பிந்திய வரியை முதலில் பார். திங்கட்கிழமையைப் பற்றி யோசிக்க வேண்டாம். இவர் வருகிறேன் என்று சொல்லியிருந்தால், எல்லாம் ஒழுங்கு, யோசிக்க வேண்டாம் என்று பொருந்துகிறது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால், அப்ப நீர் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றும் பொருந்துகிறது. முந்திய வரியைப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை. அந்த முறை என்னை முதன்முதலாகக் கைவிட்டது அன்றைக்குத்தான்.

நெவின் ஹனிமிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு குல்சுமோடு துருக்கியில் கதைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். நெடுநேரம் கதைத்தார்கள். இடையில் குல்சும் அழுதார், கண்ணைத் துடைத்தார், கையை விரித்தார், பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தும் விட்டார். எனக்கு விளங்கியது ‘எவெத்’ என்ற ஒரு சொல் மட்டும். அது ஓம் என்பதற்கான சொல். எல்லாம் முடிய நெவின் ஹனிம் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

“அவ யெஸ் எண்டுதான் சொல்லியிருக்கிறா.”

அவ்வளவு நேரக் கதையின் சாரம் அவ்வளவுதானா என்று நான் கேட்கவில்லை. கேட்டது வேறொன்று. துருக்கியில் யாராவது ‘உனக்குப் போக விருப்பமில்லைத்தானே’ என்று கேட்டு மற்றவர் எவெத் என்றால் என்ன அர்த்தம்? நெவின் ஹனிம் கோட்டின் பொத்தானைப் பிடித்தபடி யோசித்தார். “ஓம், எனக்கு விருப்பமில்லை எண்டுதான் அர்த்தம். ஆனா அவ துருக்கியில சொல்லேல்லையே,” என்றார்.

அன்று ரயிலில் வரும்போது எனக்குத் தலை சுற்றியது. கெவின் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவர் அந்த யெஸ்ஸை ஒரு துருக்கிக்காரர் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறார். குல்சும் துருக்கிக்காரி. அவர் அதை ஒரு வெள்ளைக்காரர் சொல்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். இதில் யாருக்கு யாருடைய மொழி விளங்கவில்லை?

தமிழிலும் இதே கதைதான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டுகொண்டேன். கோயில் முடிய தெரிந்தவர் வீட்டில் ஒரு ஞானஸ்நான விருந்து. என் கணவருக்கு முழங்கால் வலி. “நீங்கள் விருந்துக்கு வரேல்லைத்தானே?” என்று கேட்டேன். ஓம் என்றார். நான் அவருக்குச் சோறும் மீன்குழம்பும் எடுத்து மூடி வைத்துவிட்டு, சீலை மாற்றி வெளிக்கிட்டு வந்தால், இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

“வரேல்லை எண்டுதானே சொன்னியள்?”

“நான் எங்க அப்பிடிச் சொன்னனான்? ஓம் எண்டெல்லோ சொன்னனான்.”

“வரேல்லைத்தானே எண்டு கேக்க ஓம் எண்டா, வரேல்லை எண்டுதானப்பா அர்த்தம்.”

“நான் உம்மட கேள்வியை முழுக்கக் கேக்கேல்லை,” என்றார். “விருந்து எண்டது காதில விழுந்தது.”

கல்யாணம் கட்டி முப்பது வருடத்துக்கு மேல். ஒரே மொழி, ஒரே ஊர். நான் கதவைப் பூட்டினேன்.

குல்சும் முறைப்பாடு செய்ததால் கொம்பனி ஒரு சந்திப்புக்கு அழைத்தது. மொழி உதவிக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்களாம். மொழி உதவி எனக்குத் தேவையில்லை, என் ஆசிரியரைக் கூட்டி வருகிறேன் என்று குல்சும் பதில் சொல்லியிருக்கிறார். நெவின் ஹனிம் வரமாட்டேன் என்றுவிட்டார். கடதாசியில் இருக்கிற உரையாடலுக்குத்தான் தன்னால் விடை சொல்ல முடியும் என்றார்.

அது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண், கெவின், நாங்கள் இருவர். கெவினைக் கடுமையான ஆளாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். பருமனான, களைத்த முகமுள்ள மனிதர். குல்சுமைக் கண்டதும் எழும்பி, கைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். குல்சும் தலையை மட்டும் ஆட்டினார்.

அலுவலகப் பெண் இரண்டு பக்கக் கதையையும் கேட்டார். கெவின் தான் கேட்ட கேள்வியை மறைக்கவில்லை, குல்சுமின் பதிலையும் மறைக்கவில்லை. இருவரும் சொன்ன சொற்கள் அச்சொட்டாக ஒன்றுதான். அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நீங்கள் ஆசிரியர், அந்தப் பதில் சரியான ஆங்கிலமா என்று கேட்டார்.

குல்சும் மேசையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சரி என்று பட்டென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வேலைக்குரிய பழக்கம் விடவில்லை. புத்தகத்தின்படி அந்த யெஸ்ஸுக்கு ஒரேயொரு அர்த்தம், போக விருப்பம் என்பதுதான், அந்த அளவில் குல்சும் சொன்னது சரி என்றேன். அதோடு நிறுத்தாமல், ‘யெஸ், ஐ டூ’ என்று முழுக்கச் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திராது என்பதையும் சொன்னேன். குல்சுமின் முகம் சற்றுச் சுருங்கியது.

கெவின் கோபப்படவில்லை. “அந்தக் குசினியில ஒருத்தரும் புத்தகத்தின்படி கதைக்கிறேல்லை,” என்றார். “அங்க பத்து நாட்டு ஆக்கள். இப்பிடிக் கேட்டா யெஸ் எண்டு சொல்லிப்போட்டு, ஓம் விருப்பமில்லை எண்டுதான் நினைப்பினம். நான் அதைப் பழகினது அவையளிட்ட இருந்துதான்.”

சொல்லக் கேட்க அதுவும் சரியாகத்தான் இருந்தது. புத்தகத்தை வைத்துப் பார்த்தால் குல்சும் சரி, சமையலறையை வைத்துப் பார்த்தால் கெவின் சரி. குல்சும் சொல்லும்போது முகத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் கெவினிடம் கேட்டேன். முகத்தில் தெரிந்திருக்குமே.

“இல்லை,” என்றார் கெவின். “தட்டுகளை எண்ணிக்கொண்டு நிண்டனான்.”

அலுவலகப் பெண் பேனையை மூடினார். அவரும் கெவினும் வெளியே போய்க் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தவறு கொம்பனியின் பக்கம், குல்சுமின் ஆங்கிலத்தைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறோம், அவருடைய இடம் புதிய கட்டடத்தில் அப்படியே இருக்கிறது என்றார் அந்தப் பெண். எனக்கு உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. கெவினும் ஆறுதலாகச் சாய்ந்து இருந்தார். இந்த முறை அவர் குல்சுமின் முகத்துக்கு நேரே குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். நீங்கள் எங்களோடு வர விரும்புகிறீர்கள், இல்லையா?

குல்சும் கெவினைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“நோ,” என்றார். “ஐ டோன்ட்.”

கெவின் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். விருப்பமில்லை என்று அர்த்தம் என்றேன். அன்று நான் நிச்சயமாகச் சொன்ன ஒரே விடை அதுதான்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். குல்சும் பையைத் திறந்து, எள்ளுப் போட்ட வளையப் பாண் ஒன்றை எடுத்து, முறித்து, பாதியை என் கையில் தந்தார். அதைச் சாப்பிட்டு முடிக்குமுன் அவருடைய பஸ் வந்துவிட்டது.

அடுத்த வகுப்பன்று நெவின் ஹனிமிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை, அதே நேரம் தெரியும் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் துருக்கியில் அவ்வளவு நேரம் என்னதான் கதைத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். குல்சும் திரும்பத் திரும்ப ஒன்றையேதான் கேட்டாராம், என்னுடைய பதில் சரியா, சரியா என்று. தானும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். “அங்க போக விருப்பமோ எண்டு நான் கேக்கேல்லை,” என்றார். “நீங்கள் கேட்டனீங்களோ?”

நானும் கேட்கவில்லை.

குல்சும் தவணை முடியும்வரை வகுப்புக்கு வந்தார். இடையில் என்ஃபீல்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை எடுத்துக்கொண்டார். கடைசி வகுப்பில் மற்றவர்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் பலகாரம் வைத்துக்கொண்டு நிற்க, நான் அவரை ஜன்னலோரம் கூப்பிட்டு, மனதில் கிடந்ததைக் கேட்டேன். கெவின் முதல் கேட்ட அன்றைக்கு உங்களுக்கு உண்மையில் போக விருப்பமா, இல்லையா?

“விருப்பம் எண்டுதான் நினைச்சன்,” என்றார். கையில் இருந்த தேநீரை ஒரு வாய் குடித்தார். “பிறகு அந்தத் திங்கட்கிழமை. வாசலில இருந்த பொடியன் ரெண்டு தரம் தேடிப் பாத்திட்டு, உங்கட பேர் இல்லை எண்டான். அந்த நேரம் எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம், ஹோஜம். ஒரு நிமிஷம் கூட இருக்காது. பிறகு கோபம் வந்திட்டுது. கோபம் பெரிசா இருந்ததால, முதல் வந்ததை மறந்துபோனன். அந்த அறையில நீங்கள் மூண்டு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கேக்கதான் அது ஞாபகம் வந்தது.”

அப்படியென்றால் அந்த முதல் யெஸ் எதைச் சொன்னது என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தார். நல்ல மாணவி, தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற பழக்கம் அவரிடம் இருக்கவில்லை.

“அதை நீங்கள்தான் சொல்ல வேணும்,” என்றார்.